இனாம் என்றால் செலவில்லை என்று அர்த்தமா?

தியாகராயநகரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். மொத்தம் நாலு பக்கம். அதில் மூன்று பக்கம் தம் பெண்ணைப் பற்றிய பெருமை. விஷயம் நாலாவது பக்கத்தில்தான் வருகிறது.

"என் பெண் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நல்ல சம்பளம். அவளைச் செலவாளி என்று சொல்ல முடியாது. ஆனால் மாதம் பிறந்தால் 500 ரூபாயை எங்கோ வெளிதேசத்தில் இருக்கும், முகம் தெரியாத யாருக்கோ அனுப்பி விடுகிறாள். ஏனடி என்று கேட்டால், 'அவர்கள் எழுதிய மென்பொருளை நான் இனாமாக உபயோகிக்கிறேன், அம்மா' என்கிறாள். இனாமாகக் கொடுத்தவனுக்குப் பணம் எதற்கு? வேண்டுமென்றால் விலை போட்டு விற்க வேண்டியதுதானே? அந்தப் பணத்தை ஓர் அநாதை ஆசிரமத்துக்குக் கொடுத்தால் நாலு குழந்தைகள் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுமே! என் பெண் ஏமாறுகிறாளா, அல்லது எனக்குத்தான் புரியவில்லையா?"

நியாயமான கேள்வி. வீட்டுக் கணக்கை எழுதிப் பழகிய கை கேட்கிற கேள்வி. இதே சந்தேகம் வேறு பல தாய்மார்களுக்கும் இருக்கும் என்பதால் இந்த வாரம் அதையே எடுத்துக் கொள்கிறேன்.

முதலில் இந்த 'இனாம் மென்பொருள்' என்ன என்று பார்க்கலாம். ஓட்டலில் சாம்பார் போடுகிறார்கள். சாப்பிடுகிறோம், காசு கொடுக்கிறோம். ஆனால் பக்குவம் என்ன என்று கேட்டால் சொல்வார்களா? மாட்டார்கள். அது அவர்கள் தொழில் ரகசியம். கம்ப்யூட்டரை இயக்கும் கட்டளைகளுக்கும் இப்படிப் பக்குவம் உண்டு. பெரிய கம்பெனிகள் பல அதைப் பூட்டி வைத்துக் கொள்கின்றன. வேறு சிலரோ பக்குவத்தை அப்படியே எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்து விடுகிறார்கள். யாரும் எடுத்துச் சமைக்கலாம். புளியைக் குறைத்துக் கொள்ளலாம். திருத்திய பக்குவத்தை நாலு பேருக்குக் கொடுக்கவும் செய்யலாம். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறார்கள்.

"எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு செல்போனாக இருந்தால், அதன் அடித்தளமே 1991-ல் பின்லாந்தில் ஒரு கல்லூரி மாணவர் தொடங்கி வைத்த லினக்ஸ்தான். நீங்கள் அறியாமலே தினமும் இந்தப் பந்தியில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

பந்தி இனாம், சரி. சமைக்கிறவர் யார்? அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது? சகோதரியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

2014-ஆம் வருஷம் ஏப்ரல் 7-ஆம் தேதி உலகத்துக் கம்ப்யூட்டர் நிபுணர்களுக்கெல்லாம் தூக்கம் போயிற்று. இணையத்தில் நாம் சங்கேத வார்த்தையையோ பாங்க் விவரத்தையோ அனுப்பும்போது, நடுவில் யாரும் படித்துவிடாமல் பூட்டிக் கொடுக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. ஓபன் எஸ்.எஸ்.எல். என்று பெயர். அந்தப் பூட்டில் ஓர் ஓட்டை இருப்பது அன்றைக்குத்தான் வெளியாயிற்று. அந்த ஓட்டைக்கு 'ஹார்ட்ப்ளீட்' என்று பெயர் வைத்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

ஓட்டை என்ன தெரியுமா? இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக் கொள்ளும்போது, 'இருக்கிறாயா?' என்று ஒன்றை ஒன்று விசாரிப்பது வழக்கம். விசாரிக்கிற கம்ப்யூட்டர் ஒரு சொல்லைக் கொடுத்து, 'இதில் இத்தனை எழுத்து. அப்படியே திருப்பிக் கொடு' என்று கேட்கும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு கரண்டி மோரைக் கொடுத்துவிட்டு, 'நான் கொடுத்தது ஒரு குடம், திருப்பிக் கொடு' என்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். நாம் அளந்து பார்ப்போம். இந்த மென்பொருள் அளந்து பார்க்கவில்லை! குடம் நிரம்ப வேண்டுமே என்று அலமாரியில் பக்கத்தில் இருந்ததையெல்லாம் வாரிப் போட்டுக் கொடுத்தது. மோரோடு நகைப் பெட்டியின் சாவியும் போயிற்று. எழுதியவர் கண்ணிலும் படவில்லை. சரிபார்த்தவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு வருஷம் அப்படியே இருந்தது. சுமார் 5 லட்சம் இணையதளங்களுக்கு ஆபத்து இருந்ததாக நெட்கிராஃப்ட் என்ற ஸ்தாபனம் அப்போது கணக்கிட்டது.

எப்படி இந்த மாதிரி நேர்ந்தது என்று விசாரிக்கும்போதுதான் உலகத்துக்கு இன்னொரு சமாசாரம் தெரிந்தது. கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிகளெல்லாம் நம்பியிருந்த அந்தப் பூட்டை முழு நேரமும் பார்த்துக் கொண்டவர் ஒரே ஒரு மனிதர். வேறு சிலர் ஓய்ந்த நேரத்தில் கை கொடுத்தார்கள். அந்த வேலைக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருஷத்துக்குச் சுமார் 2,000 டாலர். அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 1,20,000 ரூபாய். அதாவது, மாதம் பதினாயிரம் ரூபாய்! உலகத்துப் பெட்டகத்துக்கெல்லாம் காவல் இருந்தவருக்கு ஊர் கொடுத்த சன்மானம் அவ்வளவுதான். மீதியை அவர்கள் கூலி வேலை போல வெளியாருக்கு ஆலோசனை சொல்லிச் சம்பாதித்துக் கொண்டார்கள்.

செய்தி பரவியதும் உலகத்தின் பல மூலைகளிலிருந்து சாமானிய ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் சுமார் 200 பேர். ஒருவர் அனுப்பியது 2 சென்ட்! எல்லாம் சேர்ந்து சுமார் 9,000 டாலர். மனத்தை நெகிழ வைக்கிற விஷயம்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு நிபுணருக்கு எத்தனை மாதம் சம்பளம் கொடுக்க முடியும்? அதே மாதக் கடைசியில் லினக்ஸ் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் முன்வந்தது. கூகுள், மைக்ரோஸாப்ட், ஐ.பி.எம். முதலிய பன்னிரண்டு கம்பெனிகளிடம், வருஷத்துக்குத் தலா 1,00,000 டாலர் வீதம் மூன்று வருஷத்துக்கு வாக்குறுதி வாங்கியது. ஓபன் எஸ்.எஸ்.எல். வேலைக்கு முழு நேர ஆட்கள் கிடைத்தார்கள். கூரை ஒழுகிய பிறகுதான் ஓடு மாற்றினார்கள் என்று வையுங்கள்.

கம்பெனிகளின் கதையை விட ஒரு குடும்பத்தின் கதை நமக்குச் சீக்கிரம் புரியும். ஜெர்மனியில் வெர்னர் கோக் என்று ஒருவர். கடிதத்தை உரியவர் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி மூடி அனுப்பும் ஜி.என்.யு.பி.ஜி. என்ற மென்பொருளை 1997-ல் எழுதத் தொடங்கினார். அரசாங்கங்களின் ரகசியங்களை அம்பலப்படுத்தும் பத்திரிகையாளர்கள் உயிரைக் காப்பது போல் அதைக் காத்து உபயோகிக்கிறார்கள். அவருக்கு மனைவி உண்டு, சின்னப் பெண் குழந்தை உண்டு. 2001-லிருந்து அவருக்குக் கிடைத்தது சராசரியாக வருஷத்துக்கு 25,000 டாலர். ஜெர்மனியில் அவருடைய திறமைக்கு அதைப் போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட 2013-ல் யோசித்தாராம்.

2015 பிப்ரவரி 5-ஆம் தேதி ஓர் அமெரிக்கச் செய்தி ஸ்தாபனம் அவர் நிலைமையை எழுதியது. ஒரே நாளில் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வந்து குவிந்தது. இரண்டு பெரிய கம்பெனிகள் வருஷத்துக்குத் தலா 50,000 டாலர் தருவதாகச் சொல்லின. நல்ல முடிவுதான். ஆனாலும் மனசில் ஒரு முள் உறுத்துகிறது. பத்திரிகையில் வந்ததால் ஒருவருக்கு விடிந்தது. பத்திரிகைக்காரர் கண்ணில் படாத வெர்னர்கள் எத்தனை பேரோ?

"ஆகட்டும், பணத்தைக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை! தொண்டர்கள் கூடி வேலை செய்யும் இடத்தில் பணம் நுழைவது சாமானிய விஷயம் அல்ல.

டெபியன் என்று ஒரு திட்டம். 1993-ல் அமெரிக்காவில் ஒரு மாணவர் தொடங்கியது. லினக்ஸையும் அதோடு சேர்ந்த ஆயிரக்கணக்கான மென்பொருள்களையும் பொறுக்கி, சோதித்து, ஒரே தொகுப்பாகக் கொடுப்பது அதன் வேலை. பல தேசங்களைச் சேர்ந்த சுமார் ஆயிரம் பேர், சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். 2006-ல் அடுத்த பதிப்பை டிசம்பர் 4-ஆம் தேதிக்குள் வெளியிட்டுவிட வேண்டும் என்று குறி வைத்தார்கள். தொகுப்பைச் சரிபார்த்து வெளியிடும் பொறுப்பு இரண்டு பேருக்கு. அவர்கள் பிழைப்பை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு மாதம் முழு நேரமும் இதில் உட்காரட்டும், அதற்குத் தனியாக நன்கொடை திரட்டிச் சம்பளம் கொடுக்கலாம் என்று தலைவர் உள்ளிட்ட சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்தார்கள்.

கேட்டால் நல்ல யோசனையாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நடந்தது என்ன?

கல்யாண வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் ராத்திரி இருபது பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள். சித்தி, அத்தை, ஓரகத்தி, எதிர் வீட்டு மாமி. பேச்சும் சிரிப்புமாக மலை போல் காய் குவிகிறது. அப்போது பெண்ணின் தகப்பனார் வந்து, "நீங்கள் இரண்டு பேரும் வேகமாக நறுக்குகிறீர்கள்" என்று இரண்டு பேர் கையில் மட்டும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாயைக் கொடுக்கிறார். பாக்கிப் பதினெட்டு அரிவாள்மணையும் என்ன ஆகும்? யாருக்கும் பணத்தின் மேல் ஆசை இல்லை. ஆனால், 'அப்படியானால் நான் செய்தது என்ன, இலவசக் கூலியா?' என்ற எண்ணம் வந்துவிட்டால் காய் நகராது.

டெபியனிலும் அப்படித்தான் ஆயிற்று. நீண்ட சர்ச்சை நடந்தது. சிலர் தங்கள் பங்கு வேலையைக் குறைத்துக் கொள்வதாக அறிவித்தார்கள். தலைவரை நீக்க வேண்டும் என்றுகூட ஒரு தீர்மானம் வந்து, வோட்டெடுப்பில் தோற்றது. பதிப்பு வெளிவந்தது டிசம்பரில் அல்ல. 2007 ஏப்ரல் 8-ஆம் தேதிதான். தாமதத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பணம் போட்டால் வேகம் கூடும் என்ற கணக்கு அன்றைக்குப் பொய்த்தது.

அதன் பிறகு அவர்கள் அநுசரிக்கும் முறை யோசிக்கத் தக்கது. டெபியனுக்கு வரும் நன்கொடையிலிருந்து அன்றாட வேலைக்குச் சம்பளம் என்று கொடுப்பதில்லை. இயந்திரங்கள் வாங்குவதற்குச் செலவழிக்கிறார்கள். வருஷாந்தர மகாநாட்டுக்கு வசதியில்லாத தொண்டர்கள் வந்து போகப் பிரயாணச் செலவு கொடுக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அந்த மகாநாடு நம் பக்கத்து ராஜ்யத்தில், கொச்சியில் நடந்தது. பழைய பதிப்புகளை நீண்ட நாள் செப்பனிட்டுக் காப்பது போன்ற அலுப்பூட்டும் வேலை இருக்கிறதே, அதற்கு 2014 முதல் வேறு வழி. அது வேண்டுமென்கிற கம்பெனிகள் பணம் போடுகின்றன. தனி ஸ்தாபனம் ஒன்று அதை வாங்கி, வேலை செய்கிறவர்களுக்கு மணிக்கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது. தொண்டு வேறு, கூலி வேறு என்று பாத்திரத்தைப் பிரித்து வைத்துவிட்டார்கள்.

பணத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மாதர் சங்கத்து நிதியைக் காரியதரிசி தம் சொந்தப் பாங்க் கணக்கில் போட்டு வைத்தால் நாம் சும்மா இருப்போமா? இந்தத் தொண்டர்களுக்கும் அந்தக் கவலை உண்டு. ஆபீஸ் கிடையாது, பதிவு கிடையாது. பத்துத் தேசங்களில் பத்துப் பேர். அவர்களில் யார் பேரில் பாங்க் கணக்கு வைப்பது? அதற்காகவே 1997-ல் 'சாப்ட்வேர் இன் தி பப்ளிக் இன்டரஸ்ட்' என்று ஓர் ஸ்தாபனத்தை நியூயார்க்கில் பதிவு செய்தார்கள். டெபியனுக்கும் இன்னும் பல திட்டங்களுக்கும் வரும் பணத்தை அது தனித் தனிக் கணக்கில் வாங்கி வைத்துக் கொள்கிறது. நூற்றுக்கு 5 வீதம் தன் நிர்வாகச் செலவுக்கு எடுத்துக் கொள்கிறது. எதற்குச் செலவழிப்பது என்பதைத் திட்டக்காரர்கள் தீர்மானிக்கிறார்கள். சாவி ஒருவரிடம், தீர்மானம் மற்றவரிடம். கூட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இதன் சூட்சுமத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஊர் கூடித் தேர் இழுத்த கதையும் உண்டு. படங்களுக்கு உயிர் கொடுக்கும் 'பிளெண்டர்' என்ற மென்பொருள் ஹாலந்துக் கம்பெனி ஒன்றின் சொத்தாக இருந்தது. கம்பெனி மூடப்பட்டது. 1,00,000 யூரோ கொடுத்தால் பக்குவத்தை வெளியிடச் சம்மதம் என்றார்கள் முதல் போட்டவர்கள். 2002 ஜூலையில் வசூல் ஆரம்பித்து, ஏழே வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது! இன்றைக்கும் தனி மனிதர்கள் மாதா மாதம் சிறு தொகையும், கம்பெனிகள் பெருந்தொகையும் கொடுத்து, முழு நேர நிபுணர்களை வைத்து அதை வளர்க்கிறார்கள். லாட்வியா தேசத்து இளைஞர் ஒருவர் இதைக் கொண்டே, வெள்ளத்தில் தத்தளிக்கும் ஒரு பூனையின் கதையைப் படமாக்கினார். 'ஃப்ளோ' என்ற அந்தப் படம் 2025 மார்ச்சில் ஆஸ்கார் பரிசு வாங்கியது. குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. எல்லோருக்கும் புரியும்.

வாங்கத் தெரிவது போலவே மறுக்கத் தெரிவதும் ஒரு குணம். கம்ப்யூட்டரில் சினிமாப் பார்க்கும்போது, ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, அந்த ஆரஞ்சுக் கூம்பு அடையாளம் வருகிறதல்லவா? அது வி.எல்.சி. பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கி வைத்தது. அதற்குள் விளம்பரம் புகுத்தச் சம்மதித்தால் கோடிக்கணக்கான யூரோ தருகிறோம் என்று கம்பெனிகள் வந்தபோது, அதன் தலைவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பயனாளிகளைத் தொந்தரவு செய்து சம்பாதிக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஜெர்மனி வெர்னர் கோக் இருக்கிறாரே, அவர் ஒரு படி மேலே போனார். 2022 ஜனவரியில், "எங்கள் தொழில் இப்போது சொந்தக் காலில் நிற்கிறது. இனி மாதா மாதம் அனுப்ப வேண்டாம், தேவை உள்ள வேறு திட்டத்துக்குக் கொடுங்கள்" என்ற கருத்தில் நன்கொடையாளர்களுக்கு அறிவித்தார். 'போதும்' என்ற சொல்லைச் சாப்பாட்டுப் பந்தி தவிர வேறு எங்கும் நாம் அதிகம் கேட்பதில்லையே!

இப்போது சகோதரிக்கு என் பதில். உங்கள் பெண் ஏமாறவில்லை. ஆனாலும் மூன்று விஷயங்களை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணத்தை யார் பெயரில் வாங்கி வைக்கிறார்கள்? வரவு செலவை வெளியிடுகிறார்களா? கொடுத்தது எதற்காகச் செலவாகிறது: இயந்திரத்துக்கா, பிரயாணத்துக்கா, ஆளின் நேரத்துக்கா? மூன்றுக்கும் அவள் தெளிவாகப் பதில் சொன்னால் விட்டுவிடுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒரே தடவையில் ஐயாயிரம் கொடுப்பதைக் காட்டிலும் மாதம் ஐந்நூறு மேல். அடுத்த மாதமும் வரும் என்று நம்பித்தானே ஒருவர் வேலையை ஒப்புக்கொள்ள முடியும்? அதோடு, அவள் வேலை செய்யும் கம்பெனியும் இதே மென்பொருள்களை வைத்துத்தான் சம்பாதிக்கும். "நான் கொடுப்பது இருக்கட்டும், கம்பெனி என்ன கொடுக்கிறது?" என்று ஆபீஸில் ஒரு நாள் கேட்கச் சொல்லுங்கள். நியாயப்படி பெரும் பங்கு அங்கிருந்துதான் வர வேண்டும்.

அநாதைக் குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். பசித்த குழந்தைக்கு முன் எந்த மென்பொருளும் இரண்டாம் பட்சம்தான். இதே எண்ணம் தோன்றிய மென்பொருள்காரர் ஒருவர் இருந்தார். ஹாலந்து தேசத்து பிராம் மூலனார். 1991-ல் 'விம்' என்ற எழுதும் மென்பொருளை வெளியிட்டார். உலகத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களில் அதைத் தொடாதவர்கள் குறைவு. அவர் 1994-ல் ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்துக் கிபாலே என்ற ஊருக்குப் போய், குடிநீர், சுகாதார வேலைகளுக்குப் பொறியாளராக ஒரு வருஷம் இருந்தார். எய்ட்ஸ் நோய்க்குப் பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகள் அங்கே ஏராளம். திரும்பி வந்து மென்பொருளுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் சேர்த்தார். விம் இனாம்தான், பிடித்திருந்தால் உகாண்டாக் குழந்தைகளுக்கு உதவி செய்யுங்கள் என்பது அது. மென்பொருளைத் திறந்ததும் முதல் திரையிலேயே அது தெரியும். வந்த பணம் கிபாலேயில் பள்ளிக்கூடத்துக்கும் வைத்திய சாலைக்கும் போயிற்று.

2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அவர் காலமானார். வயது 62. அவருடைய மென்பொருளை இன்று வேறு தொண்டர்கள் பேணி வருகிறார்கள். அதனால் சகோதரியே, இன்று ராத்திரி சாப்பாடு ஆன பிறகு பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த 500 ரூபாய் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கோபித்துக் கொள்ளாமல் கேளுங்கள். நீங்கள் நாலு பக்கம் எழுதினீர்கள். அவளுக்கு அதைவிட அதிகமாகச் சொல்ல விஷயம் இருக்கும்.